மூச்சு நின்று பிழைத்த அண்ணனுக்கு வலிப்பு வெட்டு நிற்கவில்லை, நினைவும் வரவில்லை: இனி என்ன எதிர்பார்க்கலாம்?

செவல்காட்டான்
செவ்வாய், இரவு 11.40

ஐசியூவுக்கு வெளியே ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சார்ஜ் 20 சதவீதம்தான் இருக்கிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு வயது 41. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி, மழை விட்ட நேரம். போர் மோட்டார் ஓடவில்லை என்று செருப்புகூடப் போடாமல் மோட்டார் ரூமுக்குள் போய் ஸ்டார்ட்டரைத் திறந்திருக்கிறார். கரண்ட் அடித்துவிட்டது. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டு ஓடிவந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாடி இல்லை. பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன், என்.எஸ்.எஸ். முகாமில் கற்றுக்கொண்டதை வைத்து நெஞ்சை அழுத்தியிருக்கிறான். 108 வந்து, ஜி.எச். போய், அங்கே நெஞ்சில் இரண்டு முறை ஷாக் கொடுத்த பிறகுதான் நாடி திரும்பியது. மொத்தம் 25 நிமிடம் இருக்கும் என்கிறார்கள். பையன் எத்தனையாவது நிமிடத்தில் அழுத்த ஆரம்பித்தான் என்று டாக்டர் என்னிடம் மூன்று தடவை கேட்டார். யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் யார் கடிகாரத்தைப் பார்த்தார்கள்?

சனிக்கிழமை விடியற்காலையில் வெட்டு ஆரம்பித்தது. முதலில் இமையும் உதட்டோரமும். அப்புறம் தோள் இரண்டையும் தூக்கித் தூக்கிப் போட்டது. விக்கல் மாதிரி, ஆனால் உடம்பு முழுக்க. இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று. தொட்டால் அதிகமாகிறது, சளி உறிஞ்சும்போது இன்னும் அதிகம்.

ஞாயிறு பார்வை நேரத்தில் அத்தை வந்தார். இரும்பைக் கையில் கொடுத்தால் நின்றுவிடும் என்று சாவிக்கொத்தை அண்ணன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். அவசரத்தில் எடுத்து வந்தது மோட்டார் ரூம் சாவி என்பது அவருக்குத் தெரியாது. சிஸ்டர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் சாவி குலுங்கியது. நான்தான் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

லெவிபில், வேல்ப்ரோயேட் என்று வலிப்பு மருந்து இரண்டும் போகிறது. ஞாயிறு மதியத்திலிருந்து மிடாசோலம் என்ற மயக்க மருந்துக்குப் பம்ப் வைத்திருக்கிறார்கள். இப்போது வெளியில் தெரியும் வெட்டு குறைந்திருக்கிறது. மூளையின் மின் அலையைப் பதியும் ஈஈஜியில் ‘உள்ளே இன்னும் ஓடுகிறது’ என்கிறார்கள். இன்று காலையில் கூப்பிட்டு, ‘பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்’ என்றார்கள். அண்ணி வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்கிறார். மாமா, வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்கிறார். நான் நடுவில்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இந்த வெட்டுதான் மூளையைக் கெடுக்கிறதா, இல்லை மூளை கெட்டதால் வெட்டு வருகிறதா? முதலாவது என்றால் வெட்டை நிறுத்தினால் பிழைத்துவிடுவார் அல்லவா? அப்புறம், நாலாவது நாளிலேயே ‘எதிர்பார்க்க வேண்டாம்’ என்று எப்படிச் சொல்ல முடிகிறது? மாதக்கணக்கில் கோமாவில் இருந்து எழுந்தவர்கள் கதையெல்லாம் கேட்டிருக்கிறோமே.


பச்சிலைப் பெட்டி
புதன், காலை 5.15

தம்பி, நம்பிக்கையை விடாதீர்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுங்கள். எங்கள் ஊரில் இரண்டு பேருக்கு நின்றிருக்கிறது.


வார்டு அக்கா
புதன், காலை 6.05

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டு தேன் வைத்தாலும் அது நுரையீரலுக்குத்தான் போகும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வந்தால் மூளையைப் பற்றிப் பேசவே நேரம் இருக்காது. சாவி பரவாயில்லை. சாவியால் கெடுதல் இல்லை. அந்த சிஸ்டர் பேசாமல் இருந்ததும் அதனால்தான். நானும் 27 வருட ஐசியூ வேலையில் தலையணைக்கு அடியில் சாவி, அரிவாள் முனை, விபூதிப் பொட்டலம், மெக்கா தண்ணீர் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

தம்பி, இன்று ரவுண்ட்ஸ் வரும்போது முதலில் ஒன்று கேளுங்கள்: ‘மயக்க மருந்து எப்போது நிறுத்துவீர்கள்? நிறுத்தி எத்தனை மணி நேரம் கழித்துப் பரிசோதிப்பீர்கள்?’ மிடாசோலம் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘கிள்ளினால் அசையவில்லை’ என்பதற்கு அர்த்தமே இல்லை. கரண்ட் அடித்தவர்களுக்குத் தசை சிதைந்து கிட்னி பாதிக்கலாம். கிட்னியோ ஈரலோ சோர்ந்திருந்தால் அந்த மருந்து நாள்கணக்கில் உடம்பில் தங்கும். யூரின் அளவு என்ன, கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள்.

வேறு ஊருக்கு மாற்றுவதைப் பற்றி: வெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வென்டிலேட்டரோடு ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. தொடர்ந்து ஈஈஜி பார்க்கும் வசதியோ வேறு பரிசோதனையோ அங்கே இருக்கிறது என்றால் யோசிக்கலாம். ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்பதற்காக மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. கோமாவையும் மூளைச்சாவையும் வீட்டில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். மூளைச்சாவு என்றால் மூளையின் அடியில் உள்ள தண்டுப்பகுதி முழுக்கச் செத்தது. அதை நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் சொல்வார்கள். உங்கள் அண்ணனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. சளி எடுக்கும்போது இருமுகிறாரா? இருமினால் தண்டு வேலை செய்கிறது.


செவல்காட்டான்
புதன், காலை 6.30

இருமுகிறார் அக்கா. டியூபை உள்ளே விடும்போது முகம் சிவந்துவிடுகிறது. கிரியாட்டினின் நேற்று 2.4 என்று சொன்ன ஞாபகம். கேட்கிறேன்.


அரை டம்ளர்
புதன், பகல் 1.20

தம்பி, நான் டாக்டர் இல்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருடத்துக்கு முன்பு என் மனைவிக்கு ராத்திரி ஆஸ்துமா இழுப்பு வந்து, ஆட்டோவில் போகும்போதே மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இதயமும் நின்றது. உள்ளே தூக்கிப்போய் ஒரு சில நிமிடத்தில் மீட்டார்கள். இரண்டாம் நாள் நீங்கள் சொல்கிற அதே வெட்டு. நானும் இதே கேள்வியை இதே மாதிரி ஒரு ஹாலில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அடுத்த படுக்கையில் 19 வயதுப் பையன், கிணற்றில் மூழ்கியவன். அவனுக்கும் வெட்டு. நாலு நாள் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நியூரோ டாக்டர் மட்டும் ஈஈஜி காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, ‘உங்கள் மனைவிக்கு வெட்டுக்குப் பின்னால் அலை தொடர்ந்து ஓடுகிறது, கை தட்டினால் மாறுகிறது. அந்தப் பையனுக்கு வெட்டுக்கு நடுவில் வெறும் கோடு’ என்றார். பையன் பதினோராம் நாள் போய்விட்டான். அவன் அப்பா என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

என் மனைவி ஆறாம் நாள் கண் திறந்தாள். எட்டாம் நாள் ட்யூப் எடுத்த பிறகு ‘தண்ணி’ என்றாள். கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்கக் கையை நீட்டினாள், கை வெட்டியது, தண்ணீர் என் சட்டை முழுக்க. சும்மா படுத்திருந்தால் ஒன்றும் இல்லை. எதையாவது செய்ய நினைத்தால்தான் வெட்டும். இதற்கு லான்ஸ்-ஆடம்ஸ் என்று பெயர். 1963இல் இரண்டு டாக்டர்கள் எழுதி வைத்தார்களாம். நினைவு இருக்கும், பேச்சு இருக்கும், உடம்பு மட்டும் சொன்னபடி கேட்காது. மூச்சுத்திணறலால் இதயம் நின்றவர்களிடம் இதை அதிகம் பார்ப்போம் என்றார் டாக்டர்.

குளோனசெபாம், வேல்ப்ரோயேட், லெவிபில் எல்லாம் மாற்றி மாற்றி அளவு கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. இப்போது குக்கர் விசில் அடித்தால் தூக்கிப் போடுகிறது, அதனால் எங்கள் வீட்டில் கஞ்சி வடிக்கிற சோறுதான். நிற்கும்போது திடீரென்று கால் மடங்கும், பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போகும். அரிவாள்மனை பக்கம் விடுவதில்லை. காபியை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பேன், முழுதாக ஊற்றினால் பாதி தரையில். என் பெயர் இங்கே ஏன் அப்படி என்று சிலர் கேட்டிருக்கிறார்கள், அதுதான் காரணம். ஆனால் பேத்திக்குப் பெயர் தேர்ந்தெடுத்தது அவள்தான்.

உங்கள் அண்ணனுக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. அந்தப் பையன் மாதிரி ஆகும் என்றும் சொல்லவில்லை. வெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெட்டுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள்.


நரம்பு மருத்துவன்
புதன், இரவு 10.50

அரை டம்ளர் ஐயா சொன்னதுதான் விஷயத்தின் மையம். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நோயாளியை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்த ஓட்டம் நின்றால் பத்துப் பதினைந்து நொடிக்குள் நினைவு போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் செல்கள் சாகத் தொடங்கும். எல்லா இடமும் ஒரே வேகத்தில் சாவதில்லை. ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ், சிந்தனைக்கான மூளையின் மேல் புறணி, சிறுமூளையின் பர்கிஞ்சி செல்கள் இவை முதலில் அடிபடும். மூச்சு, இருமல், கண் திறப்பது இவற்றைப் பார்க்கும் தண்டுப்பகுதி அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். இருமுவது நல்ல செய்திதான், ஆனால் புறணி எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

வெட்டு காரணமா, விளைவா? வழக்கமான வலிப்பு நோயில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு வந்தால், அது தானாகவே மூளையைக் கெடுக்கும் என்று எடுத்துக்கொண்டு வேகமாக நிறுத்துவோம். ஆக்சிஜன் இல்லாமல் போன மூளையில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தவில்லை. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 11 ஐசியூக்களில் இதயம் நின்று மீண்டு கோமாவில் இருந்த 172 பேரிடம் டெல்ஸ்டார் என்ற ஆய்வு செய்தார்கள், 2022இல் வெளியானது. ஈஈஜியில் இந்த மாதிரி ஓட்டம் தெரிந்தவர்களில் ஒரு பாதிக்கு அதை அடக்கும்வரை மருந்தை ஏற்றிக்கொண்டே போனார்கள், மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மூன்று மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள், இறந்தவர்களையும் சேர்த்து, முதல் குழுவில் 90 சதவீதம், இரண்டாவதில் 92. கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. பெரும்பாலானோருக்கு அந்த அலை, அடிபட்டதன் அடையாளம்தான். அதனால் ‘வெட்டை நிறுத்தினால் பிழைப்பார்’ என்று உங்களுக்கு நான் சொல்ல முடியாது. கஷ்டமாக இருக்கும், மன்னியுங்கள்.

ஆனால் அந்த நூற்றில் எட்டுப் பத்துப் பேர் இருக்கிறார்களே, அவர்களைத் தவறவிடக் கூடாது. நினைவு திரும்புகிறவர்களிடம் பொதுவாக என்ன பார்க்கிறோம் என்றால், முதல் ஒரு நாளுக்குள் பின்னணி அலை தொடர்ச்சியாகத் திரும்பியிருக்கும், சத்தத்துக்கும் தொடுதலுக்கும் அது மாறும், வலிப்பு 24 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கியிருக்கும். கருவிழி ஒளிக்குச் சுருங்கும். உங்கள் அண்ணனுக்கு முதல் நாளுக்குள்ளேயே தொடங்கியது என்பது நல்ல அறிகுறி இல்லை. ஆனால் அந்த ஒன்றை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை.

2021இல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் தந்த வழிகாட்டுதலை வைத்துச் சொல்கிறேன். இதயம் மீண்டு 72 மணி நேரம் ஆன பிறகு, மயக்க மருந்தின் குழப்பம் இல்லாத நிலையில், அப்போதும் கோமாவில்தான் இருக்கிறார், வலிக்குக் கையை இழுத்துக்கொள்வதுகூட இல்லை என்றால் மட்டுமே அடுத்த கேள்விக்குப் போவோம். இரண்டு பக்கமும் கருவிழி ஒளிக்குச் சுருங்கவில்லையா, கண்ணின் மேற்பரப்பைத் தொட்டால் இமை மூடவில்லையா? மணிக்கட்டில் சின்ன மின்துடிப்பு கொடுத்தால் 20 மில்லி நொடியில் புறணிக்குப் போய்ச் சேர வேண்டிய அலை இரண்டு பக்கமும் காணோமா? ஒரு நாள் தாண்டியும் ஈஈஜி கோடாகவோ, கோட்டுக்கு நடுவே திடீர் வெடிப்புகளாகவோ இருக்கிறதா? முதல் 72 மணிக்குள் உடம்பு முழுக்க, அரைமணிக்கு மேல் நிற்காத வெட்டு இருந்ததா? அடிபட்ட நரம்புச் செல்லிலிருந்து ரத்தத்தில் கசியும் என்.எஸ்.இ. என்ற பொருளின் அளவு 48 அல்லது 72 மணி நேரத்தில் 60க்கு மேலா? சி.டி.யிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பரவலான சேதமா? இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் ‘வாய்ப்பு மிகக் குறைவு’ என்ற சொல். வெட்டு என்பது அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும், கவனியுங்கள். ஈஈஜியும் மிடாசோலம் அதிகமாக ஓடும்போது எடுத்தது என்றால் அந்த வெடிப்பு-கோடு மருந்தாலேயே வந்திருக்கலாம். வார்டு அக்கா கேட்கச் சொன்னதை நானும் கேட்கச் சொல்கிறேன்.

மாதக்கணக்கில் கோமாவில் இருந்து எழுந்த கதைகள் பெரும்பாலும் தலைக்காயத்துக்காரர்களுடையவை. அவர்களுக்கு ஒரு வருடம்வரை எதிர்பார்க்க இடம் உண்டு. ஆக்சிஜன் நின்றவர்களுக்கு அந்த எல்லை மூன்று மாதம் என்று 1994இலேயே வகுத்தார்கள். கண் திறந்தும் நினைவில்லாமல் கிடக்கும் நிலைக்கு 2018இல் அமெரிக்க நரம்பியல் அமைப்பு ‘நிரந்தரம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நாள்பட்டது’ என்று மாற்றியது, தாமதமாக மீண்டவர்கள் ஒரு சிலர் இருந்ததால். ஒரு சிலர்தான்.


வார்டு அக்கா
வியாழன், காலை 6.20

டாக்டர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் அருணா ஷான்பாக். மும்பையில் எங்களைப் போல நர்ஸ். 1973இல் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்ததில் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. சாகவும் இல்லை, மீளவும் இல்லை. 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை கிட்டத்தட்ட 42 வருடம் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள், ஒரு படுக்கைப் புண் வராமல். நான் பயிற்சி பெற்ற காலத்தில் சீனியர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அப்போதே பெருமையும் பயமும் சேர்ந்துதான் வந்தது.

தம்பி, அண்ணியையும் மாமாவையும் தனித்தனியாகப் பேச விடாதீர்கள். ஒரே நேரத்தில், ஒரே டாக்டர் முன்னால், ஒன்றாக உட்கார வையுங்கள். உயிர்காக்கும் கருவியை நிறுத்தலாமா என்ற பேச்சு பின்னால் வந்தாலும், சுப்ரீம் கோர்ட்டின் 2018 தீர்ப்புக்கும் 2023 திருத்தத்துக்கும் பிறகு ஆஸ்பத்திரியிலேயே இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டு, போகிற வழியில் ட்யூபை எடுக்கச் சொல்வது அதுவல்ல. மாமா எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை.


செவல்காட்டான்
அடுத்த வாரம் புதன், மதியம் 3.10

எல்லாருக்கும் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வியாழன் மிடாசோலத்தை நிறுத்தினார்கள். கிட்னி காரணமாக ஞாயிறுவரை காத்திருந்துதான் பார்த்தார்கள். நான் கேட்ட பிறகு நிறுத்தினார்களா, அவர்களே யோசித்து வைத்திருந்தார்களா தெரியவில்லை. கேள்வி எழுதிய காகிதத்தைக் கையில் பார்த்ததும் டியூட்டி டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். அதுவரை எல்லாப் பேச்சும் நின்றுகொண்டேதான்.

கருவிழி இரண்டும் சுருங்குகிறது, இடது கொஞ்சம் மெதுவாக. ஈஈஜியில் வெறும் கோடு இல்லை, அலை இருக்கிறது, ஆனால் மெதுவானது, கை தட்டினால் மாறவில்லை. மணிக்கட்டு டெஸ்டுக்கு வெளியிலிருந்து மெஷின் வரவழைத்தார்கள். கரண்ட் அடித்தவருக்குக் கரண்ட் வைத்தே டெஸ்டா என்று அண்ணி கேட்டார். யாருக்கும் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஒரு பக்கம் அலை போய்ச் சேருகிறது, இன்னொரு பக்கம் இல்லை. இரண்டு பக்கமும் இல்லாமல் இருந்தால் சொல்லியிருப்பேன், இப்போது சொல்ல முடியாது, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். ‘எதிர்பார்க்க வேண்டாம்’ என்று சொன்ன அதே டாக்டர்தான்.

திங்கட்கிழமை அண்ணன் கண் திறந்தார். ஹால் முழுக்க ஸ்வீட் கொடுக்கக் கிளம்பிவிட்டார் அத்தை. நான் நிறுத்தினேன், அதற்கு என்னைத் திட்டினார். கண் திறப்பது வேறு, பார்ப்பது வேறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள விரலைவிடக் கண்ணாடி நல்லது, மனுஷனுக்குத் தன் முகத்தைத்தான் முதலில் பின்தொடரத் தோன்றும் என்று பிசியோ சொன்னார். அண்ணி தன் பையில் இருந்த பவுடர் டப்பா கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து, இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார். கண் அங்கேயே நின்றது. அண்ணி காலையும் மாலையும் பிடிக்கிறார். நேற்று மாலை ஒரு தடவை நகர்ந்தது என்கிறார். நான் பார்க்கவில்லை. சிஸ்டரும் பார்க்கவில்லை.

வெட்டு இப்போது சளி எடுக்கும்போது மட்டும்தான். நேற்றுக் கழுத்தில் துளை போட்டார்கள், நானும் அண்ணியும் மாமாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். இன்னும் பத்து நாளில் வார்டுக்கு மாற்றி, அப்புறம் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள்.

அக்கா, வீட்டில் கட்டில் கயிற்றுக் கட்டில்தான். ஏர் பெட் அதன்மேல் போடலாமா, இல்லை பலகைக் கட்டில் வாங்க வேண்டுமா? மூக்கு ட்யூபில் கேப்பைக் கஞ்சி எவ்வளவு தண்ணியாக இருக்க வேண்டும்? சளி உறிஞ்சும் மெஷின் வாடகைக்கு எடுத்தால் மின்சாரம் போகும் நேரத்துக்கு என்ன செய்வீர்கள்? எங்கள் ஊரில் மழைக்காலத்தில் நாலு மணி நேரம்கூடப் போகும்.